சென்னையிலிருந்து மும்பைக்குப் பழைய கார்களில்: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

நாலைந்து நண்பர்கள் ஆளுக்கொரு பழைய வண்டி வைத்திருந்து, கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் சென்னை–மும்பை சாலையிலிருந்து தொடங்குங்கள். தேசிய நெடுஞ்சாலை 48, ஏறத்தாழ 1,340 கி.மீ. நடுவில் தக்காணப் பீடபூமி, கடைசியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இறக்கம், வழி நெடுக மெக்கானிக் கடைகள். ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பிறந்த, சென்னையை ஒட்டிய வண்டலூரிலிருந்து பிரீமியர் பத்மினி கார் பிறந்த மும்பை குர்லாவுக்குப் போகும் பாதையும் இதுதான்.

டெல்லி வேண்டாமா என்று கேட்பார்கள். முதல் பயணத்துக்கு வேண்டாம். 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு அந்த விதி பல முறை இறுகியும் தளர்ந்தும் வந்திருக்கிறது. வண்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய பயணத்தில் விதியைப் பற்றியும் கவலைப்படுவது வீண் சுமை.

இந்தக் கட்டுரை 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசிடர், 1089 சி.சி. பத்மினி, ஹெரால்டு ஆகிய மூன்றையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. மற்ற வண்டிகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் காகிதம்

ஆர்.சி. புக்கின் தேதியைப் பாருங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அது தீர்ந்துபோன வண்டிக்கு விபத்தில் இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். குறைந்தது மூன்றாம் நபர் காப்பீடு, புகைச் சான்றிதழ், ஃபாஸ்டேக் மூன்றும் வேண்டும். வழியில் நின்றால் வந்து எடுத்துப்போகும் சேவை, காப்பீட்டோடு சேர்த்துப் பழைய வண்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அதற்கான பணத்தை நீங்களே ஒதுக்க வேண்டும்.

50 வருடம் தாண்டிய வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்து ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர் பிளேட் வாங்கியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பதிவில் வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். நண்பர்களோடு ஊர் சுற்றுவது அதில் வராது. மும்பையில் நடக்கும் ஏதாவது ஒரு ராலிக்குப் பெயர் கொடுத்து, அந்த அழைப்பின் நகலோடு போவதுதான் சரி.

எப்போது கிளம்பலாம்

ஜூன் முதல் செப்டம்பர்வரை மலைத்தொடரில் கொட்டித் தீர்க்கும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை சென்னைப் பக்கம் மழை. மார்ச் பிறந்தால் வெயில். மிஞ்சுவது பொங்கல் கூட்டம் முடிந்ததும் ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை. போக ஓட்டம் ஆறு நாள், கையிருப்பில் ஒரு நாள், ஆக ஏழு நாள் விடுப்பு எடுங்கள்; ஓட்டியே திரும்புவதென்றால் அந்த நாட்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏழாம் நாளை யாரும் ஊர் சுற்றிப் பார்க்கக் கேட்கக் கூடாது. அது பழுதுக்கான நாள்.

வண்டியைத் தயார் செய்வது: பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் இன்ஜினைத்தான் முதலில் திறக்கிறார்கள். பிரேக்கைத் திறங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. நாலு சக்கரத்தில் ஏதோ ஒன்றில் ரப்பர் கிழிந்து ஆயில் ஒழுகினால் நாலுக்கும் சேர்த்தே பிரேக் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்.

நாலு டிரம்மையும் கழற்றுங்கள். வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கிட் (உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் செட்) மாற்ற வேண்டும். சிலிண்டரின் உட்சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் கிட் போட்டும் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்கள் ஆறு வருடம் தாண்டியிருந்தால் வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். அவை உள்ளுக்குள் உப்பி வழியை அடைத்துக்கொள்ளும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தபடியே ஓடிச் சூடேறும். கடைசியாகப் பிரேக் ஆயில் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக டாட் 3 அல்லது டாட் 4 ஊற்றி, குழாய்களில் தங்கிய ஏரை எடுங்கள். பழைய ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும். இறக்கத்தில் டிரம் கொதிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகிப் பெடல் தரைவரை போகும். அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயிலைப் பிரேக்கில் ஊற்றாதீர்கள், எல்லா ரப்பரும் ஊதிவிடும்.

டயரில் தேய்மானத்தைவிட வயது முக்கியம். பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். ஆறேழு வருடம் தாண்டிய டயர் பட்டன் தேயாமல் புதிதுபோல இருந்தாலும் நெடுஞ்சாலைச் சூட்டில் பிளந்துவிடும். பழைய கார்கள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

அடுத்து குளிர்விப்பு. ரேடியேட்டரைக் கழற்றி, டாங்கியைத் திறந்து, கம்பி விட்டு ஒவ்வொரு குழாயாகச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் பாய்ச்சி அலசுவது மட்டும் போதாது. ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். கடினமாக இருந்தாலும் தப்பு, கொழகொழவென்று இருந்தாலும் தப்பு. வாட்டர் பம்ப்பின் அடியில் சொட்டுத் தடம் இருந்தால் கிளம்பும் முன்பே மாற்றுங்கள்.

பற்றவைப்புக்கு எண்கள் இவை. அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜினில் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும் முனை) இடைவெளி 0.35–0.40 மி.மீ., பிளக் 0.63 மி.மீ., டேப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில்) 0.38 மி.மீ. மூன்று வண்டிக்கும் பிளக் பொறி விடும் வரிசை 1-3-4-2, இதை ஒரு சீட்டில் எழுதிப் பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். டேப்பெட் இடைவெளியைக் குறித்துவைத்துக்கொண்டு பாதி வழியில் ஒரு முறை அளந்து பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்கென்று செய்த வால்வு இருக்கைகள் இன்றைய பெட்ரோலில் மெல்லத் தேயும், இடைவெளி குறுகிக்கொண்டே வரும். முழுக்க மூடிக்கொண்டால் வால்வு எரிந்துவிடும்.

பெட்ரோல் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. இப்போது பம்ப்பில் வருவதில் 20 சதவீதம்வரை எத்தனால். அது பழைய ரப்பர் குழாயையும் வண்டியின் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் இளக்கும், டாங்கில் பல வருடமாக ஒட்டியிருந்த துருவைக் கிளப்பிவிடும். எனவே டாங்கிலிருந்து கார்புரேட்டர்வரை எல்லா ரப்பர் குழாயையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றி, பம்ப்புக்கு முன்னால் கண்ணாடித் தெளிவுள்ள ஃபில்டர் ஒன்று போடுங்கள். எத்தனால் கலந்ததில் கலவை சற்று வறண்டுவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாது. எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர் என்றால் அறுகோண ஜெட் நட்டை ஒரு முகம் அளவு, தேவைப்பட்டால் இரண்டு முகம் அளவு திருகிக் கீழே இறக்குங்கள். சோலெக்ஸ் வகை என்றால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குங்கள். பிறகு 20 கி.மீ. ஒரே வேகத்தில் ஓட்டி, இன்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்ப் பழுப்பு சரி. வெள்ளை என்றால் இன்னும் வறட்சி, அதோடு மலை ஏறினால் இன்ஜின் காயும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. முன் சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டான டிரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள். அதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில்தான். பெரும்பாலான மெக்கானிக்குகள் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் திருகுமறைக்குள் இறங்காது, உள்ளே துருப்பிடித்து ஒருநாள் சக்கரம் அப்படியே மடிந்துவிடும். மேலும், பின் சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்சில் உள்ள ஹெரால்டில் வேகமாக வளைவில் போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாதீர்கள், பின்பக்கம் தூக்கிக்கொண்டு சறுக்கும். மற்ற இரண்டு வண்டிகளுக்கும் கிங் பின், ஸ்டியரிங் மூட்டுகளில் உள்ள எல்லா நிப்பிளுக்கும் 1,000 கி.மீ.க்கு ஒரு முறை கிரீஸ்.

ஒத்திகை ஓட்டம்

தயார் செய்த வண்டியை அப்படியே மும்பைக்கு எடுத்துப்போகாதீர்கள். மூன்று ஓட்டம் ஓட்டுங்கள். முதலில் 60 கி.மீ., காலை நேரத்தில். திரும்பி வந்ததும் எல்லா நட்டையும் திருகிப் பாருங்கள். இரண்டாவது 120 கி.மீ., மத்தியான வெயிலில், நகர நெரிசலோடு. மூன்றாவது முழுச் சுமையோடு ஏலகிரிவரை போய்த் திரும்புவது. 14 கொண்டை ஊசி வளைவுகள், பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும் நல்ல பரீட்சை. இந்த 600-சொச்சம் கி.மீ.யில் வெளிவராத கோளாறு மும்பை வழியில் வருவது குறைவு. மூன்றாவது ஓட்டத்தை முடிக்காத வண்டியை அந்தப் பயணத்துக்குச் சேர்க்கக் கூடாது. நண்பரின் மனம் நோகும் என்று விட்டுக்கொடுத்தால் ஓசூரில் எல்லோருமே நிற்க வேண்டியிருக்கும்.

கூடவே எடுத்துப்போக வேண்டியவை

ஒவ்வொரு வண்டியிலும்:

- ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப் ஆறு
- பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டார், இரண்டு பிளக்
- பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் கிட், இரண்டு ஃபில்டர், ஒரு மீட்டர் குழாய்
- முன் பின் வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட், பிரேக் ஆயில் அரை லிட்டர்
- கிளட்சுக்குக் கேபிளோ கிட்டோ, வண்டியில் எது உள்ளதோ அது
- காற்று இறங்காத ஸ்டெப்னி, அதோடு இரண்டு டியூப்
- 20W-50 இன்ஜின் ஆயில் ஐந்து லிட்டர், தண்ணீர் பத்து லிட்டர்
- ஓட்டுநர் கை நீட்டினால் எட்டும் இடத்தில் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான்

கடைசியில் உள்ளதை டிக்கியில் போட்டுவிடாதீர்கள். பெட்ரோல் கசிந்து பற்றும் தீக்கு உங்களிடம் இருப்பது சில நொடிகள்தான்.

பொதுவில் ஒன்று போதும் என்பவை: ஜாக் ஸ்டாண்டு இரண்டு, கிரீஸ் கன், ஃபீலர் கேஜ், டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், ஜம்பர் கேபிள், இழுக்கும் பட்டை, ஈ.பி. 90 ஒரு லிட்டர், கட்டுக் கம்பி, எம்-சீல், வயர் ஐந்து மீட்டர். உங்கள் வண்டிக்கு ஸ்பேனர் பழைய பிரிட்டிஷ் அளவா, மி.மீ. அளவா என்று பார்த்து எடுங்கள், பிரிட்டிஷ் அளவு நட்டில் மி.மீ. ஸ்பேனரைப் போட்டு உருட்டிவிடாதீர்கள். ஒரு கட்டி சலவை சோப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டாங்கில் ஊசித் துளை விழுந்தால் சோப்பை அழுத்தித் தேய்த்தால் அடைபடும், அடுத்த ஊர்வரை தாங்கும்.

பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் புதிதாகக் கிடைப்பவற்றில் சில நூறு கி.மீ.கூடத் தாங்காதவை உண்டு. சென்னையில் கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கியதை வண்டியில் மாட்டி ஒத்திகை ஓட்டத்தில் ஓட்டிவிட்டு, பிறகு கழற்றி உபரியாக வையுங்கள். சோதித்த கண்டென்சர்தான் உபரி.

வரிசையும் பேச்சும்

மிக மெதுவான வண்டி முன்னால். வேலை தெரிந்தவரும் பொதுச் சாமான்களும் கடைசி வண்டியில். 60–65 கி.மீ. வேகம், இடது தடம். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் வைத்திருக்க வேண்டும். காணோம் என்றால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும், அவருக்கு முன்னால் போகிறவரும் அப்படியே. இந்த ஒரு ஒழுங்கு இருந்தால் போன் சிக்னல் இல்லாத இடத்திலும் யாரும் தொலைய மாட்டார்கள்.

காலை ஆறு மணி முதல் பதினொன்றரைவரை ஓட்டம், பிறகு ஓய்வு, மூன்றரை முதல் ஆறுவரை ஓட்டம். இருட்டிய பிறகு வேண்டாம். டைனமோ உள்ள வண்டியில் மெதுவாகப் போனால் சார்ஜ் ஏறாது, ஹெட்லைட் பேட்டரியைத் தின்னும். பெட்ரோல் முள்ளை நம்பாமல் 200 கி.மீ.க்கு ஒரு முறை நிரப்புங்கள்.

80 கி.மீ.க்கு ஒரு நிறுத்தம். டீ சொல்வதற்கு முன்பு நாலு சக்கரத்தின் நடுப்பகுதியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நாலும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் ஜாக் போட்டுச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் ஏர் நிப்பிளை லேசாகத் திறங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் ஹோஸ் அடைப்பைச் சந்தேகியுங்கள். அப்படியும் விடாவிட்டால் சிலிண்டர் பிஸ்டன் இறுகியிருக்கிறது, இல்லையென்றால் ஹேண்ட் பிரேக் கேபிள். சுலபமாகச் சுற்றியும் சூடு இருந்தால் பேரிங்.

பணத்தையும் முன்பே பேசிவிடுங்கள். பெட்ரோல் அவரவர் செலவு, பழுதும் வண்டி ஏற்றும் லாரியும் பொதுச் செலவு என்று வைத்தால் சண்டை வராது. மூன்று மணி நேரத்துக்குள் எழும்பாத வண்டியை லாரியில் ஏற்றுவது என்பதையும் கிளம்பும் முன் எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112.

நாள்வாரியாகப் பாதை

முதல் நாள் சென்னையிலிருந்து வேலூர், ஆம்பூர் வழியாகக் கிருஷ்ணகிரி, 255 கி.மீ. அதோடு நிறுத்துங்கள். ஓசூர்வரை உள்ள 50 கி.மீ.யில் சுமார் 400 மீட்டர் ஏற்றம், அதை மறுநாள் காலைக் குளிரில் ஏறுவது இன்ஜினுக்கு நல்லது.

இரண்டாம் நாள் சித்ரதுர்கா, சுமார் 290 கி.மீ. பெங்களூரு நகருக்குள் நுழையாமல் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நகரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோடு பிடித்துத் துமகூரு சாலையில் சேருங்கள். ஊர்ந்து போகும் நெரிசலைவிடப் பழைய ரேடியேட்டரைக் கொதிக்கவைப்பது வேறில்லை.

மூன்றாம் நாள் தார்வாட், 220 கி.மீ. தாவணகெரேயில் வெண்ணெய் தோசை சாப்பிடாமல் போகக் கூடாது. ஹுப்பள்ளி–தார்வாட் புறவழிச்சாலை விபத்துக்குப் பேர்போனது, வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள்.

நாலாம் நாள் பெலகாவி வழியாகக் கொல்ஹாப்பூர், 190 கி.மீ. மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடலாம். மிச்ச நேரம் வண்டிக்கு. பெலகாவியின் உத்யம்பாக்கிலும் கொல்ஹாப்பூரின் உத்யம்நகரிலும் லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. உடைந்த புஷ், தேய்ந்த ஷாஃப்ட், பிளந்த டிரம் எதுவானாலும் கடைந்து கொடுப்பார்கள். பெரிய பழுது என்றால் எப்படியாவது இந்த இரண்டு ஊரில் ஒன்றுக்கு வந்து சேரப் பாருங்கள். பழுது இல்லாவிட்டாலும் கிரீஸ் அடித்து, டேப்பெட் அளந்து, பின் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள். அடுத்த இரண்டு நாளிலும் நீண்ட இறக்கம் உண்டு.

ஐந்தாம் நாள் சாத்தாரா வழியாகப் புனே, 240 கி.மீ. மும்பை நோக்கிப் போகும்போது கம்பாட்கி மலைக்கணவாயில் சுரங்கப்பாதைதான், ஏற்றம் கிடையாது. கவனிக்க வேண்டியது புனேயை நெருங்கும்போது புதிய காத்ரஜ் சுரங்கத்துக்குப் பிறகு நவலே பாலம்வரை உள்ள நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி பிரேக் பிடிக்காமல் போன லாரிகளால் அங்கே பல விபத்துகள் நடந்திருக்கின்றன. இடது தடம், மூன்றாம் கியர், எதற்காகவும் அந்த இறக்கத்தில் நிற்காதீர்கள்.

ஆறாம் நாள் புனேயிலிருந்து 150 கி.மீ. எக்ஸ்பிரஸ்வேயில் பழைய காருக்கு வேலையில்லை. லோணாவளாவழிப் பழைய சாலையில் போங்கள், மலைப்பகுதியில் மட்டும் இரண்டும் கொஞ்ச தூரம் ஒன்றாக ஓடும். லோணாவளாவிலிருந்து கோபோலிவரை ஐந்நூறு மீட்டருக்கும் மேல் இறக்கம். இறங்கத் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். இந்த வண்டிகளில் முதல் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போது கியர் பற்கள் சத்தமில்லாமல் சேர உதவும் அமைப்பு) கிடையாது, வேகம் பிடித்த பிறகு அதில் போட முயன்றால் பல் கத்தும், விழாது. பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்தமாக மிதித்து வேகம் குறைந்ததும் முழுக்க விடுங்கள்.

பெடல் என்ன சொல்கிறது என்று கால் உணர வேண்டும். பெடல் கல்லைப் போல இருந்தும் வண்டி நிற்காவிட்டால் லைனிங் சூடேறிவிட்டது. ஒதுங்கி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழும். பெடல் பஞ்சுபோல இருந்தால் ஆயில் கொதித்துவிட்டது, அதற்கும் காத்திருப்புதான் மருந்து. பெடல் மெல்ல மெல்லத் தரைக்குப் போனால் எங்கோ ஒழுகுகிறது, அங்கிருந்து ஓட்டக் கூடாது.

வழியில் நின்றுவிட்டால்

மிக அடிக்கடி வருவது இது. இரண்டு மணி நேரம் நன்றாக ஓடிய வண்டி, டீக்கடையில் பத்து நிமிடம் நிற்கிறது. மறுபடி ஸ்டார்ட் ஆகி, இருநூறு மீட்டர் போய் அணைந்துவிடுகிறது. இன்ஜின் நின்றதும் அதன் சூடு மேலே ஏறிப் பெட்ரோல் பம்ப்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோலை ஆவியாக்கிவிட்டது. பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது. ஈரத் துணியைப் பம்ப்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றி, பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் விடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, பானெட்டைத் திறந்துவைத்தால் பெரும்பாலும் வராது. பெட்ரோல் வாடை அடித்தால் கதை வேறு, கார்புரேட்டர் நிரம்பிவிட்டது. ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பெட்ரோல் சரி, பற்றவைப்பைப் பாருங்கள். பாயிண்ட் திறக்கும் இடத்தில் பெரிய பொறி பறந்து, முகப்பு கருகியிருந்தால் கண்டென்சர். பெட்ரோல் வரவில்லையென்றால் ஃபில்டர், பிறகு டயாஃப்ரம். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் குச்சியில் அளவு ஏறி, பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

கொதித்தால் மூடியைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்து, துணி போட்டுக் கால் சுற்று திருப்பி ஆவியை விட்டு, பிறகு திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். ரேடியேட்டர் வாயில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, அது லாரிக்கான நேரம்.

ஜம்பர் கேபிள் மாட்டும் முன், பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் சிலவற்றுக்கு பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ். இரண்டு வண்டியின் உடலும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது.

திரும்பும் வழி

மும்பையில் ஆயில் மாற்றி, நாலு டிரம்மையும் திறந்து தூசியை ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஊதாதீர்கள். போகும்போது இறங்கிய இடமெல்லாம் இப்போது ஏற்றம். கோபோலியிலிருந்து காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். புனே தாண்டிய பிறகு, வரும்போது சுரங்கத்தில் கடந்த கம்பாட்கியை இந்த முறை மலை ஏறிக் கடக்க வேண்டியிருக்கலாம். அடிவாரத்தில் நின்று தண்ணீரும் ஃபேன் பெல்ட்டும் பார்த்துவிட்டு, முன்னால் போகும் லாரியிலிருந்து ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டு, இரண்டாம் கியரில் ஒரே சீராக ஏறுங்கள்.